கேமரா யார் பக்கம் நிற்கிறது?

ஒரு கல்லூரியில் விஸ்காம் மாணவர்கள் எடுத்த குறும்படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒரு படம் இன்னும் நினைவில் இருக்கிறது. கதை சின்னது. மகனுக்கு மூன்று பேப்பர் அரியர். அதை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அப்பா வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். மகன் வந்து நிற்கிறான், தயங்குகிறான், சொல்கிறான். அவர் ஒன்றும் பேசாமல், கொக்கி தைக்கிற கை ஊசியையும் நூலையும் நீட்டி, "இதக் கோத்துக் குடு" என்கிறார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் காட்சி.

அந்தப் பையனுக்கு எழுத வரும் என்பதில் சந்தேகமில்லை. எடுத்த விதம்தான் வேறு கதை. இரண்டரை நிமிடக் காட்சிக்கு முப்பது ஷாட்டுக்கு மேல். ட்ரோன் தெருவைச் சுற்றி வருகிறது. கிம்பல் தையல் மெஷினைப் பிரதட்சிணம் செய்கிறது. அப்பாவுக்கு லோ ஆங்கிள், ஏனென்றால் அவர் அதிகாரம். மகனுக்கு ஹை ஆங்கிள், ஏனென்றால் அவன் தப்புச் செய்தவன். அவன் மனம் குழம்பியிருப்பதால் நடுவில் ஃப்ரேமே ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஊசியின் காதுக்கு ஒரு எக்ஸ்ட்ரீம் க்ளோஸ்-அப். முடிந்ததும் நன்றாகவே கைதட்டினார்கள். யாருக்கும் தொண்டை அடைக்கவில்லை.

டீ குடிக்கும்போது அவன் வந்து கேட்டான். "எல்லா ஷாட்டும் புக்ல இருக்கிறபடிதான் சார் வெச்சேன். எங்க தப்பு?"

அந்தப் புத்தகப் பட்டியல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கீழேயிருந்து எடுத்தால் பலம், மேலேயிருந்து எடுத்தால் பலவீனம், சாய்த்தால் குழப்பம், நெருங்கினால் உணர்ச்சி. பொய் என்று சொல்ல மாட்டேன். அகராதி மாதிரி அது. அகராதியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அந்தப் படம். அன்று டீக்கடையில் அவனிடம் சொன்னதையும், பிறகு அதே காட்சியை அவன் திரும்ப எடுத்தபோது பேசிக்கொண்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். ஒரு சாவு வீட்டுக்குப் போகிறீர்கள். இறந்தவர் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றால், தெருவில் போட்ட பந்தலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவீர்கள். அங்கிருந்து யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், கூட்டம் எவ்வளவு என்று எல்லாம் தெரியும். அழுகை சத்தமாகக் கேட்கும். யார் முகம் அழுகிறது என்று தெரியாது. கொஞ்சம் வேண்டியவர் என்றால் உள்ளே போய் மாலையை வைத்துவிட்டுச் சுவரோரமாக நிற்பீர்கள். கூடப் பிறந்தவர் என்றால் தலைமாட்டில் உட்கார்வீர்கள். அப்போது வீடும் தெரியாது, கூட்டமும் தெரியாது. அந்த ஒரு முகம்தான்.

வைட், மிட், க்ளோஸ் என்று நாம் பேர் வைத்திருப்பது இந்த மூன்று இடங்களுக்குத்தான். கணக்காகச் சொன்னால், ஆள் தலை முதல் கால் வரை தெரிந்து சுற்றியுள்ள இடமும் தெரிந்தால் வைட். இடுப்புக்கு மேலே என்றால் மிட். முகமும் தோளும் மட்டும் என்றால் க்ளோஸ்-அப். நெற்றியும் தாடையும்கூட ஃப்ரேமில் வெட்டுப்பட்டால் டைட் க்ளோஸ். முழங்கால், கணுக்கால் மாதிரி மூட்டு வரும் இடத்தில் ஃப்ரேமை வெட்டாதீர்கள், ஆள் முடமானதுபோல் தெரியும். இந்த அளவுகளை ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்க நாளாவது வேறொன்று: பார்க்கிறவருக்கு இப்போது எந்த இடத்தில் உட்கார உரிமை இருக்கிறது என்பது.

பந்தலில் உட்கார வேண்டியவர் நேரே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தால் வீட்டார் முகம் எப்படிப் போகும்? முதல் ஷாட்டிலேயே கண்ணீரை க்ளோஸ்-அப்பில் காட்டும் படம் அந்த வேலையைத்தான் செய்கிறது. யார் இவன், ஏன் அழுகிறான் என்று தெரியாமல் அவ்வளவு பக்கத்தில் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் கூச்சம்தான் வரும், இரக்கம் வராது. பையன் படத்தில் முப்பதில் பதினாறு க்ளோஸ்-அப். பதினேழாவதாக ஒன்று தேவைப்பட்ட இடத்தில் அவனிடம் செலவழிக்க எதுவும் மிச்சமில்லை.

இதைச் சொன்னதும் ஒருவன் 1928-இல் கார்ல் டிரையர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்தைச் சொல்லி மடக்கலாம். அது முழுக்க முழுக்க முகங்களால் ஆன படம்தான். ரெனே ஃபால்கோனெட்டியின் ஒப்பனையில்லாத முகம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் டிரையர் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டார். பின்னணியில் வெள்ளைச் சுவர், அந்தப் பெண், அவளை விசாரிக்கும் ஆண்கள், அவ்வளவுதான். பந்தலே போடாத வீடு அது. நம் பையன் ட்ரோனையும் வைத்துக்கொண்டு முகத்தையும் வைத்துக்கொண்டான்.

தூரமாக நின்றால் உணர்ச்சி குறையும் என்றும் நினைக்க வேண்டாம். 2021-இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தில் வெயிலில் வெந்துபோன நிலத்தில் அப்பனும் மகனும் நடந்துகொண்டே இருப்பார்கள். பரந்த ஃப்ரேம், அதில் இரண்டு புள்ளிகள். அந்த அப்பனின் கோபம் பக்கத்தில் பார்த்தால் பயமுறுத்தும். தூரத்தில் வைத்தவுடன் அத்தனை பெரிய வெயிலுக்கு முன்னால் அது என்ன கோபம் என்று தோன்றிவிடுகிறது. ஒரு வரி வசனம் இல்லாமல் அவன்மேலேயே ஒரு பரிதாபம் வருகிறது.

இன்னொன்று. க்ளோஸ்-அப் தன்னந்தனியாக ஒன்றும் சொல்லிவிடாது. ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் நூறாண்டுக்கு முன்பு ஒரு சோதனை செய்தார். இவான் மொஸ்யூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகம் ஒன்றை எடுத்து, ஒரு தடவை அதையடுத்துச் சூப் கிண்ணத்தைக் காட்டினார், ஒரு தடவை சவப்பெட்டியை, ஒரு தடவை ஒரு பெண்ணை. பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்கிறார்கள். அந்த மூலச் சுருள் இன்று நம் கையில் இல்லை; ஆனால் யார் வேண்டுமானாலும் கைபேசியில் செய்து பார்த்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு இதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. உங்கள் நடிகர் பெரும்பாலும் பக்கத்து பெஞ்சு நண்பன். அவனுக்கு அழ வராது. அழச் சொல்லாதீர்கள். சும்மா ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எதைப் பார்த்தான் என்பதை அடுத்த ஷாட்டில் ஒழுங்காகக் காட்டினால் பாதி நடிப்பை நம் மனமே செய்துவிடும்.

இனி உயரம். பையன் அதிகம் தடுமாறியது இதில்தான்.

அவன் காட்சியை ஒரு நிமிடம் மனதில் கொண்டுவாருங்கள். அப்பா மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். மகன் நிற்கிறான். நிற்கிறவன் கண்ணுக்கு உட்கார்ந்திருக்கும் அப்பா எப்படித் தெரிவார்? மேலேயிருந்துதான் தெரிவார். தலையில் முடி கொட்டிய இடம் தெரியும், குனிந்த கழுத்து தெரியும், காதில் செருகிய பென்சில் தெரியும். மூன்று பேப்பர் போய்விட்டது என்று சொல்ல வந்தவனுக்கு வாய் வராமல் போவது அப்பாவின் அதிகாரத்தால் இல்லை, அந்த முடி கொட்டிய இடத்தால். பட்டியல்படி அப்பாவுக்கு லோ ஆங்கிள் வைத்ததில் அந்தத் தலையே படத்தில் வராமல் போய்விட்டது.

ஒரு ஆங்கிள் பார்க்கப்படுகிறவரின் குணத்தைச் சொல்வதாகப் பாடம் நடத்துகிறோம். அது பார்க்கிறவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. குழந்தை அண்ணாந்து பார்க்கிறது, அதனால் பெரியவர்கள் உயரமாகத் தெரிகிறார்கள். அது பயமாகவும் இருக்கலாம், தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லும் ஏக்கமாகவும் இருக்கலாம். மாடியிலிருந்து பார்க்கும் அம்மாவுக்குத் தெருவில் போகும் மகள் சின்னதாகத் தெரிகிறாள். அதில் மகளுக்கு என்ன பலவீனம்? யார் பார்க்கிறார்கள் என்று முடிவு செய்யாமல் உயரத்தை முடிவு செய்ய முடியாது.

பட்டியலை நம்புகிறவர்கள் 'சிட்டிசன் கேன்' படத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 1941-இல் வந்த படம். ஆர்சன் வெல்ஸ் இயக்கம், கிரெக் டோலண்ட் ஒளிப்பதிவு. தேர்தலில் தோற்றுவிட்ட கேனை அவன் பழைய நண்பன் வந்து கேள்வி கேட்கும் காட்சியில் கேமரா தரையோடு தரையாக இருக்கிறது. அதற்காகத் தளத்தையே தோண்டினார்கள். புத்தகப்படி பார்த்தால் கேன் அங்கே மாவீரன் மாதிரி தெரிய வேண்டும். ஆனால் அவன் சரிந்து கிடக்கும் நேரம் அது. அத்தனை பெரிய உருவம், தலைக்கு மேல் கூரை இறங்கி நிற்கிறது, கீழே தோல்வி கிடக்கிறது. லோ ஆங்கிள் அவன் பலத்தைக் காட்டவில்லை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாத நிலையைக் காட்டுகிறது.

உயரத்தைப் பற்றி நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறோம், பூக் கட்டுகிறோம். மாணவர் படங்களில் ட்ரைபாட் எப்போதும் எடுப்பவன் நெஞ்சு உயரத்துக்குத்தான் நிற்கும், குனிய வேண்டாமே என்று. விளைவு, சாப்பிடும் குடும்பம் முழுதும் உச்சந்தலையாகவே தெரியும். ஜப்பானில் யசுஜிரோ ஓசு பாயில் உட்கார்ந்து வாழும் வீடுகளைப் படமெடுத்தவர். கேமராவை மிகத் தாழ்வாக, உட்கார்ந்திருப்பவர்களோடு உட்கார்ந்ததுபோல் வைப்பார். பிற்காலப் படங்களில் பெரும்பாலும் அசைக்கவும் மாட்டார். 1953-இல் வந்த 'டோக்கியோ ஸ்டோரி'யில் வயதான அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கும்போது நாமும் அந்தப் பாயில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறோம். ட்ரைபாடின் காலை மடக்க ஐந்து நிமிடம் ஆகும். செங்கல்லும் மடித்த போர்வையும்கூடப் போதும்.

ஃப்ரேமைச் சாய்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கரோல் ரீட் 1949-இல் எடுத்த 'தி தேர்ட் மேன்' படத்தில் போருக்குப் பிந்தைய வியன்னா நகரமே சரிந்துதான் தெரியும். அதைப் பார்த்த இன்னொரு இயக்குநர் வில்லியம் வைலர், அடுத்த படத்தில் கேமராமேல் வைத்துக்கொள்ளச் சொல்லி ரீடுக்கு ஒரு ரசமட்டம் அனுப்பினார் என்று சொல்வார்கள். ரீடுக்காவது சரிந்து கிடக்கும் ஒரு நகரம் இருந்தது. அரியர் விழுந்ததற்குச் சாய்க்கத் தேவையில்லை.

இப்போது ஒரு முழுப் படத்தையே பார்ப்போம், ஏனென்றால் ஷாட்டைத் தனித்தனியாகப் பேசுவதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. சிட்னி லூமெட் 1957-இல் தன் முதல் திரைப்படமாக '12 ஆங்ரி மென்' எடுத்தார். பன்னிரண்டு ஜூரிகள், ஒரு மேஜை, ஒரு அறை, புழுக்கமான ஒரு மத்தியானம். ஒரு பையனை மரண தண்டனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஏறக்குறைய அந்த அறைக்குள்ளேயே. பட்ஜெட் இல்லாத மாணவருக்கு இதைவிட நல்ல பாடப் படம் எனக்குத் தெரியாது. லூமெட்டும் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மேனும் ஒரு திட்டம் போட்டார்கள். படத்தின் முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுப்பகுதியில் கண் மட்டத்துக்கு இறங்கும். கடைசிப் பகுதியில் கண்ணுக்குக் கீழே போய்விடும். அப்போது கூரையும் ஃப்ரேமுக்குள் வந்துவிடும். கூடவே லென்ஸும் படிப்படியாக நீளமாகிக்கொண்டே போகும், அதனால் சுவர்கள் ஆட்களை நெருக்குவதுபோல் இருக்கும். அறை ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை. பார்ப்பவருக்கு மூச்சு முட்டுகிறது, ஏன் என்று தெரிவதில்லை. எல்லாம் முடிந்து அவர்கள் வெளியே வரும் கடைசி ஷாட்டுக்குத்தான் அகலமான லென்ஸைப் போட்டார். அப்போது வருகிற பெருமூச்சு அந்த ஒரு ஷாட்டால் வந்ததா? அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் அடைத்துவைத்ததால் வந்தது.

அந்த லோ ஆங்கிளில் எந்த ஜூரி பலசாலி? ஒருவருமில்லை. மேலிருந்து கீழே வந்த அந்த நகர்வுதான் வேலை செய்தது. ஷாட்டின் அர்த்தம் அதற்கு முந்தைய ஷாட்டோடு அது கொண்டிருக்கும் வித்தியாசத்தில் இருக்கிறது. 'சைக்கோ'வில் (1960) துப்பறிபவர் மாடிப்படி ஏறும்போது ஹிட்ச்காக் கேமராவைக் கூரைக்குக் கொண்டுபோனார். கொலையாளியின் முகத்தை மறைக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அவரே சொன்ன இன்னொரு காரணம், அவ்வளவு உயரத்தில் சின்னதாகத் தெரிந்த ஆளின் முகம் அடுத்த வெட்டில் திரை கொள்ளாமல் வந்து விழும்போது கிடைக்கும் அதிர்ச்சி. முன்னதாக ஒரு க்ளோஸ்-அப் வைத்திருந்தால் அந்த அடி பாதியாகியிருக்கும்.

பக்கத்துக்கு வருவோம். இருவர் பேசும்போது ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகத்தை எடுப்பதைப் படப்பிடிப்புத் தளத்தில் 'சஜஷன்' என்பார்கள். தோள் எதுவும் இல்லாமல் ஒருவரை மட்டும் எடுத்தால் சிங்கிள். இரண்டையும் சும்மா மாற்றி மாற்றிப் போடுவது வழக்கமாகிவிட்டது, அழகுக்கு என்று. சஜஷனில் இருவரும் ஒரே ஃப்ரேமில் இருக்கிறார்கள். சண்டை போட்டாலும் கட்டுண்டு இருக்கிறார்கள். சிங்கிளில் ஒவ்வொருவரும் தனி. அப்படியானால் எப்போது சஜஷனிலிருந்து சிங்கிளுக்குப் போவது? "மூணு பேப்பர் போயிருச்சுப்பா" என்று அவன் சொல்கிற அந்த நொடியில். அதுவரை மகனின் தோளோடு தெரிந்த அப்பா அதற்குப்பின் தனியாகத் தெரிந்தால், யாரும் கவனிக்காமல் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிடும். வசனத்தின் வலியைக் காட்ட வேறு வித்தை வேண்டியதில்லை.

இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொண்டு அதன் ஒரே பக்கத்தில் கேமரா இருக்க வேண்டும் என்பதை எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். தாண்டினால் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும், லுக் மாறிவிடும். உண்மைதான். வேண்டுமென்றே தாண்டுவதும் உண்டு, உறவு தலைகீழாகிற இடத்தில். ஆனால் முதல் படத்திலேயே அதைச் செய்துவிட்டு "வேணும்னுதான் சார் பண்ணேன்" என்கிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. முகம் பார்க்கும் திசையில் விடும் இடத்தைக் குறைத்துப் பாருங்கள். அது பத்திரமான வித்தை. மூக்குக்கு முன்னால் இடமே இல்லாமல் ஃப்ரேம் முடிந்தால், அந்த ஆளுக்கு இனிப் போக வழியில்லை என்று நமக்கே தோன்றும்.

லென்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இப்போது பெரும்பாலான மாணவர்கள் கைபேசியில் எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஷான் பேக்கர் 2015-இல் வெளியான 'டேஞ்சரின்' படத்தை ஐஃபோன் 5எஸ்-ஸில் எடுத்தார். சிக்கல் என்னவென்றால் கைபேசியின் பிரதான லென்ஸ் அகலமானது. அதை வைத்து க்ளோஸ்-அப் வேண்டுமென்றால் நீங்கள் முகத்துக்கு ஒரு அடி பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஓடிவிடும். அழுகிற பெண் கார்ட்டூன் மாதிரி தெரிவாள். எடுத்தவனுக்கு என்ன தவறு என்று புரியாது. நடிப்பைக் குறை சொல்வான். ஐந்தாறு அடி பின்னால் போங்கள், 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் போடுங்கள். முகம் முகமாகத் திரும்பி வரும். முகத்தின் வடிவத்தை மாற்றுவது நிற்கும் தூரம். லென்ஸ் ஃப்ரேமை வெட்டித் தருகிறது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு ஒருவனை அருவருப்பாகக் காட்ட வேண்டும் என்றே பக்கத்தில் போவது வேறு. எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் திரையில் அழுத்திப் பிடித்துப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உணர்ச்சியான நேரத்தில் கைபேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து விளையாடும்.

நீண்ட லென்ஸ் செய்யும் ஒரு வேலையை 1967-இல் வந்த 'தி கிராஜுவேட்' முடிவில் பார்க்கலாம். நாயகன் தேவாலயத்தை நோக்கி, நம்மை நோக்கி, மூச்சு வாங்க ஓடி வருகிறான். ஓடுகிறான், ஓடுகிறான், பக்கத்திலேயே வரமாட்டான். தூரத்தை நசுக்கிக் காட்டும் லென்ஸ் அது. நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டானோ என்ற பதைப்பு முழுக்க அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது.

கேமரா நகர்வது பற்றி எனக்கு ஒரு கிழட்டுத்தனமான வெறுப்பு உண்டு, முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். கிம்பல் மலிவாகிவிட்டதால் எல்லா வீட்டிலும் பேய் உலவுவதுபோல் கேமரா மிதக்கிறது. யார் மிதக்கிறார்கள்? பெல்ஜியத்தின் டார்டென் சகோதரர்கள் 'ரொசெட்டா'வில் (1999) வேலை தேடி ஓடும் ஒரு பெண்ணின் பிடரிக்குப் பின்னாலேயே கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அது குலுங்குகிறது, பின்தங்குகிறது. அவள் ஓடுவதால் அது ஓடுகிறது. நகர்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இல்லாதபோது நடிகரை நகர்த்துங்கள். கேமரா நின்ற இடத்தில் நிற்கட்டும்; தூரத்தில் நிற்கும் மகன் தானே நடந்து வந்து க்ளோஸ்-அப் ஆகட்டும். ட்ராலி செலவு மிச்சம் என்பது மட்டுமில்லை, நெருங்கும் முடிவை அவனே எடுத்ததாகிவிடும்.

கடைசியாக, காட்டாமல் விடுவது. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை' முடிவைப் பார்க்காதவர்கள் குறைவு. பாலு மகேந்திராவே ஒளிப்பதிவும் செய்த படம். ரயிலுக்குள் அவனை மறந்துபோன அவள், வெளியே சேறும் காயமுமாக அவன், அவளுக்குப் பழைய விளையாட்டை நினைவுபடுத்தக் குரங்கு வித்தை காட்டுகிறான். அவள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு பைத்தியம். நாம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வேறு. அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அந்தக் காட்சியின் துயரம். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். 2018-இல் வந்த 'பரியேறும் பெருமாள்' இன்னும் ஒரு படி போய், முடிவில் முகங்களையே விட்டுவிடுகிறது. இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப்பூ. அந்த டீயைக் குடித்த இருவரில் யாருடைய முகத்தைக் காட்டியிருந்தாலும் படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

'பதேர் பாஞ்சாலி'யில் (1955) வெளியூர் போயிருந்த ஹரிஹர் வீடு திரும்பி, மகளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்துக் காட்டுகிறான். மகள் இறந்தது அவனுக்குத் தெரியாது. அவன் மனைவி சர்பஜயாவின் முகம் உடைகிறது. அங்கே இயக்குநர் சத்யஜித் ராய் மறைத்தது அவள் குரலை. அழுகை நமக்குக் கேட்பதில்லை, தார் ஷெனாயின் ஓசைதான் கேட்கிறது. ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ராவுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது, அதற்கு முன்பு சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. இதை எல்லா வகுப்பிலும் சொல்கிறேன்.

பையன் காட்சியைத் திரும்ப எடுத்தான். ஷாட் டிவிஷன் எழுதும்போது ஷாட்டின் பேருக்குப் பதிலாக ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இப்ப யார் பார்க்கிறது?" என்று மட்டும் எழுதச் சொன்னேன். எழுத எழுத முப்பது ஆறாகக் குறைந்தது. வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு வைட்: நிலைப்படிக்குள் அப்பாவின் முதுகு, மெஷின் சத்தம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல் நிற்கும் மகன். பிறகு மகன் கண்ணிலிருந்து, மேலேயிருந்து, அப்பாவின் தலை. பிறகு சஜஷன். அவன் சொன்னதும் அப்பா முகத்துக்குப் போகாமல் பெடல்மேல் இருக்கும் கால் நிற்பதைக் காட்டினோம். சத்தம் நின்றதே போதுமானதாக இருந்தது. அதன்பின் மகனுக்கு ஒரு சிங்கிள், படத்தின் ஒரே க்ளோஸ்-அப்.

ஊசிக்கு எக்ஸ்ட்ரீம் க்ளோஸ்-அப் வேண்டாம் என்று அவனே சொன்னான். "இதக் கோத்துக் குடு" என்று அப்பா நீட்டுகிறார். வெளிச்சத்துக்காக மகன் அவர் காலடியில் உட்கார்ந்து, வாசல் பக்கம் திரும்பி, நூலை நாக்கில் ஈரமாக்கிக் கோக்கிறான். கேமரா தரையில், மடித்த போர்வைமேல். இருவரும் முதல்முறையாக ஒரே ஃப்ரேமில் முழுதாக, நாற்பது நொடி. இரண்டாவது டேக்கில் நூல் காதுக்குள் போகும் நேரம் பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்தது. பையன் கட் சொல்லவில்லை. படத்தில் அந்த விசில் இருக்கிறது.